அனுமதி இல்லாத கை

பூட்டுக்காரர் என்ற பெயரைக் கேட்டால் அவர் ஏதோ சாவிக்கடை வைத்திருக்கிறார் என்றுதான் தோன்றும். அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடமாக ஒரே கம்பெனியில், ஊரெல்லாம் உள்ள மாடிக்கட்டடங்களின் லிஃப்ட்டுகளைப் பழுதுபார்க்கிறவர். சட்டைப்பையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சிவப்புப் பூட்டு எப்போதும் இருக்கும். எந்தக் கட்டடத்தின் மோட்டார் அறைக்குள் போனாலும் முதல் வேலையாக மெயின் சுவிட்சை இறக்குவார், அதில் அந்தப் பூட்டை மாட்டுவார், 'ஆள் வேலை செய்கிறார், தொடாதே' என்று தன் கையால் எழுதிய அட்டையைத் தொங்கவிடுவார், சாவியைப் பைக்குள் போட்டுக்கொள்வார். அதற்கப்புறம்தான் ஸ்க்ரூடிரைவரைத் தொடுவார். ஒரு பல்பு மாற்றுவதாக இருந்தாலும் இதே பூஜைதான். கூட வேலை செய்தவர்கள் கிண்டலுக்கு வைத்த பெயர் அவருக்கே பிடித்துப்போய், இப்போது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை.

கிண்டல் செய்தவர்கள் யாரும் அந்தப் பூட்டை அவர் கையிலிருந்து வாங்கத் துணிந்ததில்லை. அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், லிஃப்ட் குழிக்குள் ஒருவர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தபோது, யாரோ ஒரு புண்ணியவான் கரண்ட் போயிருக்கிறது என்று நினைத்து மெயினைத் தூக்கிவிட்டான். உள்ளே இருந்தவரைத் தூக்கி வெளியே வைத்தவர்களில் இவரும் ஒருவர். அன்றைக்கு வாங்கிய பூட்டு அது.

அப்படிப்பட்ட நல்ல பழக்கம்தான் அவரைக் கவிழ்த்தது.

வீட்டில் ஒரு கார் இருந்தது. ஆறு வருடத்து வண்டி. பெயருக்கு அவருடையது, உழைப்பதெல்லாம் மனைவிக்காக. அவள் வீட்டிலேயே இரண்டு அடுப்பு வைத்து பன் சுட்டு, மூன்று இடங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவந்தாள். அதில் பெரிய இடம் மார்க்கெட் பக்கம் உள்ள ஒரு மொழிப் பள்ளி. அறுபது பேர் படிக்கிறார்கள், பத்தரை மணிக்கு இடைவேளை விடுவார்கள், பன் பத்தேகாலுக்குள் மேஜைக்கு வந்துவிட வேண்டும். பள்ளி நிர்வாகி கடிகாரத்துக்கே கட்டளை போடுகிற பெண்மணி. இரண்டு தடவை தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

மழைக்காலம் தொடங்குகிற நேரம் பார்த்து, ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி கதவுக்குள் விழுந்து மேலே வரமாட்டேன் என்றது. சேவை மையத்தில் கேட்டதற்கு, கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டார் வர ஆறு வாரமாகும், மோட்டாரைத் தனியாகத் தரமாட்டோம், கதவுக்குள் இருக்கிற மொத்தத்தையும் மாற்ற வேண்டும் என்றார்கள். 'ஓஹோ' என்று போனை வைத்துவிட்டு, பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கிடங்குக்குப் போய், இதே ரக வண்டியின் இதே மோட்டாரை எடுத்துவந்தார். நூறு கிலோ மோட்டாரைக் கயிற்றில் கட்டி இறக்குகிற மனுஷனுக்கு உள்ளங்கையில் அடங்குகிற மோட்டார் எம்மாத்திரம்?

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் வண்டியை நிறுத்தினார். கதவின் உள் அட்டையைக் கையாலேயே நெம்பிக் கழற்றினார். உள்ளே இருக்கும் ஒயரைத் தொடுமுன் முன்மூடியைத் திறந்து பேட்டரியின் கம்பியைக் கழற்றினார். ஸ்டியரிங்கில் 'தொடாதே' அட்டையை மாட்டினார். மாவுக் கையோடு எட்டிப்பார்த்த மனைவி சிரித்துவிட்டாள்.

"ஒரு கண்ணாடியை ஏத்துறதுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?"

"மெயினை அணைக்காம கை வெக்கிறவன் மெக்கானிக் இல்ல, முட்டாள்."

முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. பேட்டரியை மாட்டிப் பொத்தானை அழுத்தினார். கண்ணாடி சத்தமே இல்லாமல் மேலே ஏறியது. அவர் முகத்தில் அப்போது இருந்த பெருமையைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு சாவியைத் திருப்பினார். வண்டி வாயே திறக்கவில்லை. மறுபடி திருப்பினார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த திரையில் எழுத்துகள் ஒளிர்ந்தன. 'அனுமதி இல்லாத கை பட்டிருக்கிறது. உங்கள் பாதுகாப்புக்காக வண்டி நிறுத்தப்பட்டுள்ளது. சேவை மையத்தை அணுகவும்.'

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். இரண்டும் அவருடையவைதான்.

திங்கட்கிழமை வண்டியை இன்னொரு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு சேவை மையத்துக்குப் போனார். கண்ணாடிச் சுவர், சில்லென்ற காற்று, இலவசக் காபி. கழுத்தில் டை கட்டிய ஆலோசகன் ஒருவன் உட்காரச் சொன்னான். வண்டியில் ஒயரைச் செருகி மடிக்கணினியைப் பார்த்துவிட்டு வந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டான்.

"கதவை யார் சார் பிரிச்சது?"

"நான்தான்."

"நீங்களா?" அந்த ஒரு சொல்லிலேயே அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டான்.

"ஏன், என் வண்டியை நான் பிரிக்காம பக்கத்து வீட்டுக்காரனா பிரிப்பான்?"

"வண்டி உங்களோடதுதான் சார். அதுக்குள்ள ஓடுற புரோகிராம் கம்பெனியோடது."

"அப்ப நான் வாங்கினது என்ன, நாலு சக்கரமும் ஒரு தகர டப்பாவுமா?"

ஆலோசகன் சிரிக்கவில்லை. இந்த மாதிரி ஆட்களைத் தினமும் பார்க்கிறவன். "கதவு பிரிஞ்சிருக்கும்போது பேட்டரியைக் கழட்டியிருக்கீங்க. அப்படிக் கழட்டினா வண்டி அதைத் திருட்டுன்னு எடுத்துக்கும். பேட்டரியைத் தொடாமலே மாத்தியிருந்தீங்கன்னா வண்டிக்குத் தெரிஞ்சே இருக்காது."

பூட்டுக்காரருக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறிவிட்டது. "என்ன தம்பி சொல்ற? கரண்ட்டு ஓடும்போதே கை வெச்சவன் யோக்கியன், அணைச்சுட்டு வெச்சவன் திருடனா?"

"யாருமே கை வெக்கக் கூடாதுன்னு சொல்றேன் சார். உங்க பாதுகாப்புக்குத்தான். தெரியாதவங்க கை வெச்சா உயிருக்கே ஆபத்து."

இந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்டதுபோல இருந்தது. இருந்த கோபத்தில் எங்கே என்று அவர் யோசிக்கவில்லை.

ஆலோசகன் ஒரு படிவத்தை நீட்டினான். அனுமதி இல்லாமல் வண்டியைத் திறந்தது என் தவறு. அந்நியப் பொருளை அகற்றச் சம்மதிக்கிறேன். இனி வண்டியின் எந்த மூடியையும் திறக்கமாட்டேன். கீழே கையெழுத்து. போட்டால் தலைமை அலுவலகத்திலிருந்து பூட்டுத் திறக்கும் எண் வரும். போடாவிட்டால் வண்டி அங்கேயே நிற்கலாம், எத்தனை நாள் வேண்டுமானாலும்.

அவர் படிவத்தை நாலாகக் கிழித்து, மிச்சமிருந்த காபிக்குள் போட்டுவிட்டு வந்தார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோதுதான் மனைவி வாடகை வண்டிக்காகத் தெருவில் நின்று தாமதமாகப் போயிருப்பாள் என்பது நினைவுக்கு வந்தது.

தாமதமாகத்தான் போயிருந்தாள். ஒரு தடவை தீர்ந்தது, இன்னும் ஒன்றுதான் பாக்கி.

சாயங்காலம் அவர் வீட்டில் குதித்த குதியில் சமையலறைப் பாத்திரமெல்லாம் அதிர்ந்திருக்கும். திருட்டுப் பயல்கள், பகல் கொள்ளைக்காரர்கள், ஒருத்தனுக்குப் பொருளை விற்றுவிட்டுச் சாவியைத் தன் இடுப்பில் முடிந்துகொள்கிறவர்கள். சொந்தக்காரனையே திருடன் என்று எழுதிக் காட்டுகிறது ஒரு தகரம். இதற்குப் பேர் பாதுகாப்பாம். மனைவி முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கடைசிவரைக்கும் காதில் வாங்கிக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"நீங்க பூட்டினா பாதுகாப்பு, அவன் பூட்டினா கொள்ளையா?"

"நான் எங்கடி பூட்டினேன்?"

"மார்க்கெட் பக்கத்துக் கட்டடத்துல. அந்தப் பள்ளிக்கூடம் எந்த மாடியில இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

அவருக்குத் தெரியவில்லை. கேட்டதேயில்லை.

"அஞ்சாவது மாடி. லிஃப்ட் கதவுல ஒரு அட்டை தொங்குது, தொடாதேன்னு. உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா? பதினஞ்சு நாளா பன் தட்டைத் தூக்கிட்டு ஏறுறேன். முழங்கால்ல என்னடி துணின்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே! மார்க்கெட் பக்கம் ஒரு லிஃப்ட் ஓடலைங்க, உங்க கம்பெனிதான் போலிருக்கு, பாருங்களேன்னேன். சோத்துல கையை வெச்சுக்கிட்டே சொன்னீங்க, ஒப்பந்தத்தை முறிச்சவங்க படியேறட்டும்னு. நான்தான் ஏறிட்டிருக்கேன்."

ஆலோசகன் சொன்ன வாக்கியத்தை எங்கே கேட்டோம் என்பது அவருக்கு அப்போது நினைவுக்கு வந்தது. அது அவருடைய வாக்கியம்தான்.

அந்தக் கட்டடத்துக்காரர்கள் கம்பெனியோடு இருந்த பராமரிப்பு ஒப்பந்தத்தை விட்டுவிட்டு வேறு மெக்கானிக்கை அமர்த்தினார்கள். விலகும் முன் எல்லாக் கட்டடத்திலும் செய்வதுபோல, மேலதிகாரி சொன்னபடி, கண்ட்ரோல் பெட்டிக்குள் ஒரு ரகசிய எண்ணைப் போட்டுவிட்டு வந்தார் இவர். அதற்குப் பிறகு லிஃப்ட்டில் எந்தச் சின்னக் கோளாறு வந்தாலும், கோளாறைச் சரி செய்தால் மட்டும் போதாது, அந்த எண்ணையும் போட்டால்தான் லிஃப்ட் நகரும். கதவு சுவிட்ச் ஒன்று போயிற்று. புது மெக்கானிக் மாற்றியும்விட்டான். லிஃப்ட் தரைத்தளத்தில் உட்கார்ந்துகொண்டு எண்ணைக் கொடு என்றது. கட்டடச் சங்கத்துச் செயலாளர் போன் செய்தார். இவர் நேரில் போய், 'தொடாதே' அட்டையை மாட்டிவிட்டு, அந்தச் செயலாளர் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தார். உங்க பாதுகாப்புக்குத்தாம்மா. தெரியாதவங்க கை வெச்சா உயிருக்கே ஆபத்து. சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டார், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலையில் மனைவியோடு வாடகை வண்டியில் ஏறினார். "நீங்க எதுக்கு?" என்றாள். கட்டடத்துக்கு வந்ததும் இரண்டு தட்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வாங்கிக்கொண்டு படியேறத் தொடங்கினார். லிஃப்ட் மெக்கானிக் மாடிப்படி ஏறுவது சமையல்காரன் பட்டினி கிடப்பதுபோல, அவருக்குப் பழக்கமேயில்லை. இரண்டாவது மாடியில் மூச்சு வாங்கியது. மூன்றாவதில் தட்டு சாய்ந்து ஒரு பன் உருண்டு இரண்டு படி கீழே போயிற்று. பின்னால் ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பிடித்து வந்துகொண்டிருந்த மனைவி, குனிந்து அதை எடுப்பதற்குள் இரண்டு தடவை 'அம்மா' என்றாள்.

நாலாவது மாடியில் ஒரு முதியவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, படிகளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கைத்தடியை இரண்டு கையாலும் ஊன்றியிருந்தார். அவர் பக்கத்தில் காய்கறிப் பையோடு நின்றவர்தான் சங்கத்துச் செயலாளர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர். பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"வாங்க. உங்க கைவேலை எப்படியிருக்குன்னு பார்க்க வந்தீங்களா?"

"பன் கொண்டுவந்தேம்மா."

"பாத்து ஏறுங்க. தெரியாதவங்க படியேறினா உயிருக்கே ஆபத்து." டீச்சர் சிரிக்காமல் சொன்னார். "இந்தப் பெரியவர் பதினாறு நாளா வெளியே போகல. காய் வாங்கிட்டு வந்து கொடுக்கறது நான். எனக்கு அறுபத்தெட்டு வயசு."

"பெரியப்பா, சாப்பிட்டீங்களா?" என்று மனைவி அந்த முதியவர் கையில் ஒரு பன்னை வைத்தாள். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு பூட்டுக்காரரையே பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

ஐந்தாவது மாடியில் தட்டுகளை இறக்கியபோது மணி பத்து பதினான்கு. நிர்வாகி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, குறை சொல்ல எதுவும் கிடைக்காத வருத்தத்தோடு உள்ளே போனார்.

"மோட்டார் அறைச் சாவி யார்கிட்ட இருக்கு?" என்று நாலாவது மாடிக்கு இறங்கிவந்து பூட்டுக்காரர் டீச்சரிடம் கேட்டார்.

"எங்க கட்டடத்துச் சாவி எங்ககிட்டதான் இருக்கு. நீங்க வெச்சிருக்கிறதுதான் எங்ககிட்ட இல்ல."

மொட்டைமாடி மோட்டார் அறையில் மெயினை இறக்கிப் பூட்டை மாட்டிவிட்டு, கண்ட்ரோல் பெட்டியைத் திறந்தார். புது மெக்கானிக் செய்திருந்த வேலையைப் பார்த்தார். ஒயர்கள் ஒழுங்காக வளைத்துக் கட்டப்பட்டிருந்தன, இவர் கட்டுவதைவிட ஒழுங்காக. அது வேறு எரிச்சலாக இருந்தது. பூட்டைக் கழற்றி மெயினை ஏற்றி எண்ணைப் போட்டார். ஒரு தும்மல் போடுகிற நேரம்கூட ஆகவில்லை. கீழே எங்கோ லிஃப்ட் அசைந்து, கயிறு ஓடத் தொடங்கியது. அவர் பையிலிருந்த பேனாவை எடுத்து, பெட்டிக் கதவின் உட்புறத்தில் அந்த எண்ணைப் பெரிதாக எழுதினார். அதற்குக் கீழே, 'மெயினை அணைத்துப் பூட்டிவிட்டுக் கை வை' என்று எழுதினார்.

அவர் இறங்கி வந்தபோது டீச்சர் நன்றி சொல்லவில்லை. "இதைப் பதினாறு நாள் முன்னாடியே பண்ணியிருக்கலாமே" என்று சொல்லிவிட்டு, முதியவரைக் கூட்டிக்கொண்டு லிஃப்ட்டுக்குள் போனார். கதவு மூடும்வரை இவர் பக்கம் திரும்பவில்லை.

பெட்டி திறந்த செய்தி அதுவாகவே கம்பெனிக்குப் போய்விடும். கீழே இறங்குவதற்குள் மேலதிகாரி போனில் வந்துவிட்டார்.

"யாரைக் கேட்டுத் திறந்தீங்க?"

"நாலாவது மாடியில ஒரு பெரியவரைக் கேட்டேன்."

"விளையாடறீங்களா? அனுமதி இல்லாம திறந்தது என் தப்புன்னு நாளைக்குள்ள எழுதிக் கொடுங்க. இல்லேன்னா வேலைக்கு வர வேண்டாம்."

"என்கிட்ட ஏற்கெனவே ஒருத்தன் இதையே எழுதிக் கேட்டிருக்கான். வரிசையில நில்லுங்க" என்று சொல்லி போனை வைத்தார். சொல்லும்போது சுகமாகத்தான் இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு இருபத்திரண்டு வருடத்தை ஒரு நக்கலுக்கு விற்றுவிட்டோமோ என்று வீடு வரைக்கும் யோசித்தார். ஆனாலும் அந்தக் கடிதத்தை அவர் எழுதவில்லை.

சேவை மையத்துப் படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டார், புதன்கிழமை மத்தியானம். அன்று காலை வாடகை வண்டி சிக்னலில் மாட்டி, மனைவி பத்தேகாலுக்கு அரை நிமிடம் இருக்கும்போதுதான் போய்ச் சேர்ந்திருந்தாள். லிஃப்ட் ஓடாமல் இருந்திருந்தால் இரண்டாவது தாமதமும் ஆகியிருக்கும். அதற்கு மேல் அவருடைய ரோஷத்துக்கு வீட்டில் இடமில்லை. 'அனுமதி இல்லாமல் திறந்தது என் தவறு' என்ற வரிக்குக் கீழே பேனா தானாக நகரவில்லை, அவர்தான் பல்லைக் கடித்துக்கொண்டு நகர்த்தினார். ஆலோசகன் ஒயரைச் செருகி இரண்டு விசையைத் தட்டினான். வண்டி உறுமியது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் சார்."

"இதுக்கா மூணு நாள் வெச்சிருந்தீங்க?"

"நடைமுறை சார்." கழற்றி எடுத்த கிடங்கு மோட்டாரை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தான். "ஒரிஜினல் ஆறு வாரத்துல வந்துடும். அதுவரைக்கும் கண்ணாடி இறங்கியேதான் இருக்கும். மழையில பார்த்து ஓட்டுங்க."

வியாழக்கிழமை காலை மழை சாய்த்து அடித்தது. மனைவி பன் தட்டுகளைப் பின் இருக்கையில் வைத்து, மேலே இரண்டு போர்வையைப் போட்டாள். ஓட்டுநர் இருக்கை அதற்குள் நனைந்து ஊறிவிட்டது. அவள் ஒரு துண்டை மடித்துப் போட்டு உட்காரப் போனாள்.

"இறங்கு" என்றார் அவர். கையில் அந்தப் பிளாஸ்டிக் பை இருந்தது.

"கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கீங்க."

"இறங்குன்னா இறங்கு. குடையைப் பிடி."

கதவின் அட்டையைக் கழற்றினார். பழக்கம் அவரை வண்டியின் முன்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. முன்மூடியில் கை வைத்தபிறகுதான் நின்றார். திறக்கவில்லை. பிறகு சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பூட்டை எடுத்து மனைவியின் கையில் கொடுத்தார்.

"இதைக் கொஞ்சம் வெச்சுக்கோ."

அவள் அதைக் குடைப்பிடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவர் திரும்பி வந்து, மின்சாரம் ஓடிக்கொண்டிருந்த கதவுக்குள் கையை விட்டார். விரல்கள் நடுங்கின. திருகாணி இரண்டு தடவை கீழே விழுந்தது. முக்கால் மணி நேர வேலை இந்தத் தடவை கால் மணியில் முடிந்தது. வழி ஏற்கெனவே தெரியும், அதோடு கையைச் சீக்கிரம் வெளியே எடுத்துவிட வேண்டும் என்ற பயமும் இருந்தது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மழையை வெளியே தள்ளிக்கொண்டு ஏறியது. சாவியைத் திருப்பினார். வண்டி உடனே கிளம்பியது. திரையில் ஒரு எழுத்தும் வரவில்லை. வண்டிக்கு எதுவும் தெரியவில்லை.

"ஷாக் அடிச்சுதா?" என்றாள் மனைவி.

"பன்னிரண்டு வோல்ட்டு. அடிக்காது."

"அப்புறம் ஏன் இன்னும் நடுங்குறீங்க?"

அவர் கையைச் சட்டையில் துடைத்தார்.

"கையெழுத்தை மீறினதுக்கு நடுங்கலடி. இருபத்திரண்டு வருஷத்துல இன்னைக்குத்தான் மெயினை அணைக்காம கை வெச்சிருக்கேன். அந்தப் பயலுங்க என்னை அந்த முட்டாளா ஆக்கிட்டானுங்க."

அவள் பூட்டை அவருடைய சட்டைப்பையில் போட்டு, பையை உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தினாள். பிறகு குடையை அவரிடம் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினாள். மணி ஒன்பதே முக்கால் ஆகியிருந்தது.